முட்டையைப் படுக்க வைத்தவன்

மிளகைவிடச் சின்னப் பந்து ஒன்றை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் லேசரால் அடித்து நசுக்குவதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. சீராக நசுங்கினால் உள்ளே இருக்கும் வாயுவின் அணுக்கள் ஒன்றோடொன்று இணையும். கோணலாக நசுங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். நசுங்கும் அந்தக் கணத்தில் பந்து எக்ஸ்ரேயைக் கக்கும். ஒரு தகட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளை போட்டு, அதன் வழியாகப் படமெடுத்து, உருண்டையா கோணலா என்று தீர்ப்புச் சொல்வது நான். தீர்ப்புச் சொல்கிறவனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது.

பந்தைக் கண்ணாடி இழையின் நுனியில் பசை வைத்து ஒட்டுவது என் அண்ணி. சொந்த அண்ணன் மனைவிதான். மூன்று பேரும் ஒரே வீடு. ஒன்பது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து, மூச்சை அடக்கி ஒட்டுகிறார். வீட்டில் அண்ணி, வேலையிடத்தில் மேடம். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கறார்.

தொடர்ந்து மூன்று ஷாட்டில், அதாவது மூன்று தடவை லேசர் அடித்ததில், படம் முட்டை மாதிரி வந்தது, செங்குத்தாக நின்ற முட்டை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் விசாரித்தார். ஓயாமல் மணி பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

"எங்க தப்பு?"

"ஒட்டுறதுலதான் சார். பசை ஒரு பக்கம் அதிகமாயிருக்கு." கூசாமல் சொன்னேன்.

அண்ணி எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், துளைத் தகட்ட மட்டும் தொண்ணூறு டிகிரி திருப்பி வச்சு ஒரு ஷாட் எடுத்துப் பாத்தீங்களா?"

"முட்டையப் படுக்க வச்சாலும் முட்டைதான் மேடம்," என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதே கையோடு, வெள்ளிக்கிழமை அண்ணி மேஜையை ஒப்படைத்துவிட்டு ஸ்டோர் வேலைக்கு மாறிப் போக வேண்டும் என்று முடிவானது. அந்த மேஜைதான் அவருக்கு உயிர் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் வீட்டில் எப்போதும் போலத்தான் எனக்குச் சாப்பாடு போட்டார். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஷாட்டுக்குத் தகட்டைத் திருப்பி வைத்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் கேட்டது அபத்தம் என்று நிரூபித்துவிட்டால் என் உறுத்தல் அடங்கும், அவ்வளவுதான். பந்து நிஜமாகவே கோணலாக நசுங்கியிருந்தால், தகட்டை எப்படித் திருப்பினாலும் முட்டை நின்றபடியேதான் இருக்க வேண்டும்.

படத்தைத் திறந்தேன். முட்டை படுத்திருந்தது.

தகட்டைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். துளையின் விளிம்பு உருகி, வட்டம் நீண்டுபோயிருந்தது. ஒவ்வொரு ஷாட்டிலும் சிதறும் துண்டுகள் தகட்டைப் பதம் பார்க்கும் என்பதால் ஷாட்டுக்கு ஒரு புதுத் தகடு போட வேண்டும் என்பது விதி. அதை நேராகப் பொருத்த அரைநாள் பிடிக்கும். சோம்பல்பட்டு, பழையதையே விட்டுவிட்டு, பதிவேட்டில் 'தகடு மாற்றப்பட்டது' என்று மூன்று தடவையும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன். கோணலுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவிடவில்லை என்பதுதான் சரி.

நான் காட்டினால்தான் மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க முடியும். சத்தமில்லாமல் புதுத் தகட்டைப் போட்டுவிட்டால் அடுத்த வாரம் படம் உருண்டையாக வரும், பெயர் புதிதாக ஒட்டுகிறவருக்குப் போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குத்தான் கிளம்பினேன். தகடுகள் இருப்பதோ அண்ணியின் அலமாரியில்.

அவர் ஊசிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, புதுத் தகடு ஒண்ணு..." அங்கே அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் நான்கு பாக்கெட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். "அஞ்சு வந்துச்சு தம்பி. ஒண்ணுதான் வாங்கிட்டுப் போனீங்க. மிச்சம் பிரிக்காமலே கெடக்கு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். எனக்கு மேஜைதானே போகுது. நீங்களே கண்டுபிடிச்சுச் சரிபண்ணிக்குவீங்கன்னுதான் அப்படிக் கேட்டேன். அதுக்குள்ள முட்டைய இழுத்துட்டீங்க."

அவர் தலை நிமிரவில்லை. எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கும் யோக்கியதை இல்லை. நான் தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டவரை நாலு பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன். பாக்கெட்டை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், நின்ற முட்டையையும் படுத்த முட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டேன்.

"முட்டையப் படுக்க வச்சேன் சார்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை ஜோக்கையே மறுபடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அண்ணி மட்டும் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினார். நான் பதிவேட்டைத் திறந்து கடிகாரத்தின் முன்னால் வைத்து, என் மூன்று கையெழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக நின்றது. அன்றைக்கு இயக்குநர் மணி பார்க்கவே இல்லை.