ஒரு பீடி நேரம்

சுப்பராயனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்திருக்கக் கூடாது. வருகிற சனியன் தை மாசத்தில் வந்து தொலைத்திருக்கலாம். நாகலாபுரம் மலைப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த ஐப்பசியிலா வர வேண்டும்?

பெரியபாளையத்துக்கு மேற்கே, ஆரணியாற்றின் குறுக்கே ஒரு சின்ன அணைக்கட்டு. அதில் அவன் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஏற்றுவதற்கு முன்னால், மணியாகத் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் தட்ட வேண்டும். கீழே துணி துவைக்கிறவர்களும் மாடு கழுவுகிறவர்களும் கரையேறிவிடுவார்கள். அப்புறம் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சர்க்கார் சொல்லிக் கொடுத்த முறை அவ்வளவுதான்.

சுப்பராயன் நடுவில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தான். மணி அடித்ததும் ஒரே ஒரு ஷட்டரை விரல் கனத்துக்குத் தூக்குவான். பிறகு பீடி பற்றவைத்து, அது தீரும்வரை ஹாயாக உட்கார்ந்திருப்பான். எல்லாம் ஜோசப்புக்காக.

ஜோசப் ஊட்டியில் ஒரு துரை வீட்டில் சமையல் செய்தவன். சுதந்திரம் வந்த வருஷம் துரை கப்பலேறும்போது தன் தூண்டில் கழியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தூண்டிலுக்கு மண்புழுவும் வேண்டாம், மாவும் வேண்டாம். சேவல் இறகைச் சீவி, பட்டு நூல் சுற்றி, முள்ளையே ஒரு ஈயாக ஜோடித்துவிடுவான். வீசினால் அது தண்ணீர்மேல் நிஜ ஈ மாதிரியே வந்து உட்காரும். ஊட்டியில் அப்படித்தான் டிரவுட் மீன் பிடிப்பார்களாம். இங்கே டிரவுட்டுக்கு எங்கே போவது? கெண்டைதான். "கோயி எறகுக்கு மீன் வருமா? இன்னாப்பா ஷோக்கு காட்றே?" என்று ஊரே சிரித்தது. கெண்டை வந்தது. சிரிப்பு நின்றது.

தேங்கின தண்ணீரில் கெண்டை மந்தமாகக் கிடக்கும். ஷட்டர் இடுக்கில் புதுத் தண்ணீர் கசிந்து ஓட ஆரம்பித்தாலோ, எதிரேறி வரும். மேலே மிதக்கிற எதையும் விடாது. அணைக்கட்டுக்குக் கீழே, நடு ஆற்றில் பழைய பாலத்தின் தூண் ஒன்று இடிந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதன்மேல் ஏறிக்கொண்டு ஜோசப் வீசுவான். மணி கேட்டதும் அணைக்கட்டைப் பார்த்து, நான் இங்கேதான் நிற்கிறேன் என்று ஒரு கையைத் தூக்குவான். பீடி தீர்ந்ததும் சுப்பராயன் துண்டை வீசிக் காட்டுவான். ஜோசப் தண்ணீரில் நடந்து கரையேறிய பிறகுதான் மற்ற ஷட்டர்கள் ஏறும். ஊரே அந்த மணிக்கு ஓடும். ஜோசப் ஒருத்தன்தான் மணி கேட்டால் சந்தோஷப்படுவான்.

"ஆத்துல நின்னுகினு இன்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்று அவன் பெண்டாட்டி கிரேஸ் சண்டை பிடிப்பாள்.

"சுப்பராயண்ணன் இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?" என்பான். அதைக் கேட்டால் சுப்பராயனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த ஞாயிறு காலை, ஆதிகேசவன் என்ற புது லஸ்கர் சாவி வாங்க வந்தான். கும்மிடிப்பூண்டிக்காரன், வேலையில் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. "நீ படு நைனா. எல்லாம் ரூல்படி நான் பாத்துக்கிறேன்" என்றான். விரல் கனத்து விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று சுப்பராயனுக்குத் தோன்றத்தான் செய்தது. இவன் போய் ஓவர்சியரிடம் உளறிவைத்தால் வேலை போய்விடுமே! ஞாயிற்றுக்கிழமை, ஜோசப் மாதா கோயிலுக்குப் போயிருப்பான், மழை வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

உச்சிவேளைக்கு அவன் பெண்டாட்டி கங்கம்மா கஞ்சியோடு வந்தாள். "பூசை முடிச்சிக்கினு ஜோசப்பு சைக்கிள்ல போறான், கழியோட. நீ படுத்துக்கினு கீறேன்னு சொல்லலாம்னு கத்திக் கூப்ட்டேன். மழையில அவன் காதுல உழல."

சுப்பராயன் எழுந்து உட்கார்ந்தான். அதே நேரம் அணைக்கட்டில் மணி அடித்தது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். கஞ்சிச் சட்டி உருண்டது. "யோவ், ஜொரத்தோட எங்கேய்யா ஓட்றே?" என்று கங்கம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். வரப்பு வழுக்கியது. விழுந்தான், எழுந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, பல் கிடுகிடுவென்று அடித்தது. விரல் கனத்துத் தண்ணீர் சீறும். எல்லா ஷட்டரும் திறந்தால் இரையும். முருகா, சீறட்டும், சீறட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினான். பாதி வயல்கூடத் தாண்டவில்லை, ஆறு இரைந்தது.

அவன் கரைக்கு வந்தபோது தூண் இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் தண்ணீர் நுரை கக்கிக்கொண்டு போனது.

ஜோசப்பை மாலையில்தான், கீழே நாணல் புதரிலிருந்து எடுத்தார்கள். கரையில் கிடத்தினார்கள். கிரேஸ் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் ஆதிகேசவனை நடுவில் தள்ளி அடித்துக்கொண்டிருந்தது. அவன் சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம் வழிந்தது.

"மணி அட்ச்சேங்க! நல்லா பலமா அட்ச்சேன்! அவுரு என்னைப் பாத்துக் கைய தூக்கிக் காட்னாரு. சரி, கேட்டுச்சு, வந்துர்றேன்னு சொல்றாருன்னு நெனச்சேன். நானும் கைய காட்னேன்" என்று கதறினான்.

சுப்பராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அந்தக் கை என்ன சொல்லியிருக்கும் என்பது உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தானே தெரியும்! மழையில் ஜோசப்புக்கு முகமா தெரிந்திருக்கும்? லஸ்கரின் காக்கிச் சட்டைதான் தெரிந்திருக்கும்.

கிரேஸ் அவனைப் பார்த்துவிட்டாள். "அண்ணா, நீ இருந்திருந்தா எம் புருசன் பொழைச்சிருப்பாரே! உன்னைப்போல கொணம் இந்தப் பாவிக்கு இல்லியே!"

"நான் இருந்ததாலதாம்மா செத்தான்" என்றான் சுப்பராயன். கூட்டம் திரும்பியது. "மணி அட்ச்சாலும் நிக்கலாம்னு அவனுக்குப் பயக்கி வுட்டவன் நான். ஷட்டரைக் கொஞ்சமா தூக்கிவுட்டுட்டு பீடி குட்ச்சிக்கினு ஒக்காந்திருப்பேன், அவன் மீன் புடிக்கட்டும்னு. இந்தப் பையன் மேல கைய வெக்காதீங்க. அட்க்கிறதுன்னா என்னை அடிங்க."

கிரேஸ் எழுந்து வந்து அவன் நெற்றியைத் தொட்டாள். "ஒடம்பு அனலா கொதிக்குது. ஜொரத்துல ஒளர்றாரு. கங்கம்மாக்கா, ஊட்டுக்கு இட்டுக்கினு போ."

கங்கம்மாவுக்கு அந்தப் பீடிக் கதை நன்றாகத் தெரியும். ஜோசப் கொடுத்தனுப்பிய கெண்டைகளை இத்தனை வருஷமாக ஆய்ந்து குழம்பு வைத்தவள் அவள்தான். அவள் புருஷனின் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாம்மா, காலையிலேர்ந்து இப்டித்தான் கண்டதையும் ஒளறிக்கினு கீறாரு" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

சுப்பராயன் வாயைத் திறந்தான். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்டாட்டி தோளில் சாய்ந்து நடந்தான். நல்ல மனுஷன், சிநேகிதனுக்காக என்னமாய் உருகுகிறான் பார் என்று கூட்டம் விலகி வழி விட்டது. அவன் போனதும் மறுபடி ஆதிகேசவனை அடிக்கத் தொடங்கினார்கள்.