அது உங்க சட்டைதான்

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். "இவ்வளவு நீளம் எதுக்குடி? ஒரே ஒரு பட்டன்" என்றாள். மேசையில் அப்பாவின் நீலச் சட்டை விரித்துக் கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. நான் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனேன்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் டாக்டரைப் பார்த்தோம். அப்பாவுக்குப் பார்க்கின்சன்ஸ் வந்து பன்னிரண்டு வருஷம். லேத்தில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைந்த கை, ஒரு ஸ்பூனுக்கு அடங்க மறுத்தது. மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷனை இந்த வயதில் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். குடலுக்குள் குழாய் விட்டு மருந்து செலுத்தும் பம்ப் உண்டு. வயிற்றில் ஓட்டை போட அப்பா ஒப்பவில்லை. மிச்சம் மாத்திரைதான்.

அப்பாவை நர்ஸ் எடை பார்க்க அழைத்துப்போன நேரத்தில் டாக்டர் கேட்டார். "மாத்திரையக் கூட்டினா நல்லா நடப்பார். ஆனா சில பேருக்கு இல்லாத ஆள் தெரியும், சந்தேகம் வரும், அடிக்கக் கை நீளும். அப்படி இருந்தா கூட்டக் கூடாது, குறைக்கணும். வீட்ல எப்படி?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். தங்கமான மனுஷன்" என்றாள் அம்மா.

மேசைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தாள். போர்த்திய சால்வைக்குள் அவள் மேல்கையில் நான்கு விரல் தடம் நீலம் பாரித்திருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்ன?"

"குறைச்சா மரக்கட்டையாக் கிடப்பாரு. போன தடவ குறைச்சப்ப ரெண்டு மாசம் பார்த்தல்ல?"

"அடிக்கிறாரேம்மா."

"அடிக்கவாவது கை எழும்புதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் நடந்தால், தூக்கித் தூக்கி ஒடிந்த என் முதுகும் பிழைக்கும். அதை மறைத்துப் பயனில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்பா நடந்தார். உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர், அவரை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று அம்மாவின் இடுப்பைப் பிடித்துக் காட்டினார். நாற்காலியில் இருந்தபடி அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா நடக்குது?" என்று கேட்டார் அன்று சாயங்காலம்.

"உங்களத் தூக்கத்தான் கத்துக் குடுத்தான். நாளைக்கு வேணா உங்க இடுப்பப் புடிக்கச் சொல்றேன்."

டம்ளர் பறந்து வந்து அம்மாவின் உதட்டைக் கிழித்தது. இரண்டு நாள் கழித்து அவள் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதினார். நான் டாக்டருக்குப் போன் செய்யப் போனேன்.

"ஒரு வாரம் பொறு. இன்னிக்குத் தானா பாத்ரூம் போயிட்டு வந்தாருடி."

போனை வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள், பால்கனியில் துணி உதறும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"இது யார் சட்டை?"

"அது உங்க சட்டைதான்."

"என் சட்டை இவ்வளவு பெருசா?"

"நீங்கதான் இளைச்சுட்டீங்க. போட்டுப் பாருங்களேன்."

இஸ்திரிப் பெட்டியின் பிளக் சுவரிலிருந்து பிய்ந்து வரும் சத்தம். நான் உள்ளே வருவதற்குள் முதல் அடி விழுந்திருந்தது. இரண்டாவதை என் கண் முன்னால் அடித்தார், காதுக்கு மேலே. மூன்றாவது நெற்றியில். முடி கருகி நாறியது. பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். இஸ்திரிப் பெட்டி என் மணிக்கட்டில் பட்டுத் தோலை உரித்துக்கொண்டு போனது. முழங்கையைக் கடித்தார். காலையில் தன் பட்டனைப் போட முடியாத மனிதர்.

"கட்டிலுக்கு அடியில இருக்கான். விடு என்னை."

அப்பாவின் கன்னத்தில் இரண்டு முறை அறைந்தேன். பெட்டி கீழே விழுந்தது. அவர் வெறுங்கையோடு மறுபடி அவள்மேல் பாய்ந்தார்.

அம்மா தரையில் கிடந்தாள். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. "அவரப் புடி," என்றாள். "விழுந்துடப் போறாரு."

பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவரை வாங்கிக்கொள்ளும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் காயத்தை அழுத்த எனக்கு வேறு கை இல்லை. அவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் தடத்திலிருந்து. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாத்திரையைப் பாதியாக்கி, சந்தேகத்துக்கு வேறு ஒன்று எழுதினார். சந்தேகம் போய்விட்டது. நடையும் போய்விட்டது.

"அம்மா எங்க?" என்று அப்பா கேட்கிறார்.

"செத்துப் போயிட்டாப்பா."

"எப்படி?"

"விழுந்துட்டா."

அழுகிறார். மறந்துபோய் மறுநாளும் கேட்கிறார். நானும் அதையே சொல்கிறேன்.

அழுது ஓய்ந்து தூங்கியதும் அவர் கை ஆடுவது நின்றுவிடுகிறது. இந்த நோயில் அப்படித்தான். பன்னிரண்டு வருஷமாக, தூக்கத்தில் அந்தக் கை ஆடியதே இல்லை.