செல் புட்டா

"அங்கயே நில்லு. கண்ண கழுவிக்கினு உள்ள வா" என்று செம்புத் தண்ணீரை நீட்டினாள் வடிவாம்பாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சங்கரி வாசலிலேயே நின்றாள். கையைக் கழுவச் சொன்னால் சரி, காலைக் கழுவச் சொன்னாலும் சரி, கண்ணையுமா? படியில் கால் வைக்கும்போதே சேதியைக் கொட்டியது அவள் தப்புதான். பிளஸ் ஒன் வகுப்பில் அன்றைக்கு எல்லாரும் கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்தார்கள். சிம்ரன் செய்ததுதான் சிறந்தது என்று டீச்சர் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்திக் காட்டினார். மகளுக்கு எரிந்தது 'சிறந்தது' என்ற சொல். தாய்க்கு எரிந்தது வேறு.

"காலனிப் பொண்ணு எச்சில எம்பொண்ணு வரிசையில நின்னு பாக்கணுமா?"

சிம்ரன் முசரவாக்கம் காலனியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அம்மா எஸ்தர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வடிவாம்பாளின் சர்க்கரைக்கு மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதும் அதே எஸ்தர்தான். அது மட்டும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சங்கரி கண்ணைக் கழுவினாள். கண்டது போகவில்லை. சிம்ரனின் செல்கள் தனித்தனியாக, ஓரம் லேசாக நெளிந்து, நடுவில் கருநீல உட்கருவோடு அவ்வளவு அழகாக இருந்தன. சங்கரியுடையது வெறும் நீலச் சேறு. பத்தாம் வகுப்பு வரை முதல் மார்க் அவளுடையதாக இருந்தது. சிம்ரன் வந்து சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றிலும் சங்கரி இரண்டாவது. அந்தப் பொறாமை அவளுக்குச் சோறு இறங்க விடவில்லை.

பெற்றோர் பார்க்க வரும் அறிவியல் கண்காட்சி அன்று காலை, சிம்ரனின் கண்ணாடித் துண்டில் இருந்த பெயரை உரித்துவிட்டுத் தன் பெயரை ஒட்டினாள். சிம்ரன் கண்டுபிடித்துவிட்டாள். டீச்சரிடம் போய்ச் சொன்னாள். சங்கரியின் வீட்டார் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்கள், வருகிற நேரத்தில் வம்பு வேண்டாம், இந்த ஒரு தடவை அனுசரித்துப் போ என்று டீச்சர் கையைக் கழுவிக்கொண்டார். சிம்ரன் திரும்பி வந்தாள்.

"கேட்டிருந்தா எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தந்திருப்பேன்பா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட சங்கரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கண்காட்சிக்கு வந்த அப்பா திருஞானசம்பந்தம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. பட்டுத்தறியில் இழை பார்த்துப் பழகிய கண். அது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சுத்தி இருக்குறது செல் சவ்வுப்பா. எத உள்ள விடணும், எத வெளிய தள்ளணும்னு அதான் பாத்துக்கும். நடுவுல இருக்குறது நியூக்ளியஸ். நாம எப்படி இருக்கணும்ன்றதெல்லாம் அதுலதான் இருக்குது."

"நம்ம ஜக்கார்டு அட்ட மாதிரின்னு சொல்லு" என்றார் அவர். தறிக்கு டிசைன் சொல்லும் அட்டையைத்தான் சொன்னார். செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா இதில் தெரியாது என்று மகள் சொன்னதும், தெரியாவிட்டாலும் அதுதானே பாடுபடுகிறது என்று தலையாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்து லென்ஸில் ஒட்டிவைத்துப் படம் பிடித்தார்.

ஆடியில் தெரு அம்மனுக்குப் பட்டுப் புடவை சாத்துவது வழக்கம். வீட்டுக்கு வீடு முறை வைத்து நெய்வார்கள். இந்த வருஷம் அவர்கள் முறை. அரக்குப் பட்டில் புடவையின் உடல் முழுக்க ஜரிகைப் புட்டா போட்டார் திருஞானசம்பந்தம். அன்னமும் இல்லை, மாங்காயும் இல்லை. நெளிந்த ஓரம், நடுவில் ஒரு பொட்டு. மகளின் செல்.

வடிவாம்பாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "எம்பொண்ணு ஒடம்புல இருக்குறதுமா. எங்க வம்சமே அம்மன் மேல ஏறுது."

சங்கரிக்கோ தறிப்பக்கம் போகவே பிடிக்கவில்லை. சிம்ரனை ஜெயிக்கத் திருடினாள். இப்போது அவளைப் பெற்ற அப்பாவே தறிக்குழியில் உட்கார்ந்து, ஒவ்வொரு புட்டாவையும் விரலால் தடவித் தடவி, சிம்ரனை நெய்துகொண்டிருக்கிறார். தனக்காக அவர் இத்தனை ஆசையாக எதையும் நெய்ததில்லை. திருந்திவிட்டாள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. பொறாமை தாங்காமல்தான் ஒருநாள் டீச்சரிடம் போய், அந்தத் துண்டு சிம்ரனுடையது என்று ஒப்புக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே பழைய பெயரை எழுதி ஒட்டினாள். ஒட்டியபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வீட்டில் மட்டும் வாய் வரவில்லை.

ஆடி வெள்ளி வந்தது. மேளத்தோடு புடவைத் தட்டு தெருவைச் சுற்றியது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வடிவாம்பாள் எல்லாரையும்விட அதிக நேரம் ஒற்றிக்கொண்டாள். புடவை கோயிலுக்குள் போயிற்று. அம்மன் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு குறையும் சொல்லவில்லை.

பூரித்த முகத்தோடு வடிவாம்பாள் வீடு திரும்பியபோது, வாசலில் சங்கரி செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"அந்தப் புட்டா என்னோடது இல்லம்மா. சிம்ரனோடது. நான்தான் பேர மாத்தி ஒட்டிட்டேன். டீச்சர்கிட்ட சொல்லியாச்சு." செம்பை நீட்டினாள். "கண்ண கழுவிக்கினு உள்ள வாம்மா."

வடிவாம்பாள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செம்பை வாங்கினாள். "நல்ல வெயிலுமா" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். கண்ணைக் கழுவாமலே உள்ளே போனாள்.