அம்மாவுக்கு எட்டும் குரல்

அம்மா இறந்த பிறகும் நான் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது ஆகாத பழக்கம். போன மாதம் ஒரு வாசகர் எழுந்து வந்து, "மேடம், இது நூலகம்" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நூல் மில்லில் இருந்தவள். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, வேலையை விடும்போது அனேகமாகப் போய்விட்டிருந்தது. உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். அப்பாவிடம் மட்டும் அது பலிக்காது. அவருடைய மீசை உதட்டை மூடியிருக்கும்; குரலும் தொண்டைக்குள்ளேயே உருளும்.

"உங்கப்பா பேசுறாரா, பல்லுல சிக்குனதை எடுக்குறாரா? மீசையை எடுக்கச் சொல்லேன்."

"அவளைக் கண்ணாடி போடச் சொல்லு" என்பார் அப்பா.

என் குரல் மட்டும் எப்படியோ அவளுக்கு எட்டியது. அவர் சொல்வதை நான்தான் அவள் பக்கம் திரும்பி உரக்கச் சொல்ல வேண்டும். "உப்பும் இல்ல ஒரு எழவும் இல்ல" என்று அவர் சொன்னால், "உப்பு கொஞ்சம் கம்மியாம், அம்மா" என்பேன். கல்யாணமாகாமல் நான் வீட்டோடு தங்கிப்போனதில் இந்த உத்தியோகமும் நிரந்தரமாகிவிட்டது. அவள் பதிலுக்கு என் உதவி தேவைப்படாது. அது தெருவுக்கே கேட்கும்.

அப்பாவுக்கும் எனக்கும் நேராகப் பேசிப் பழக்கமே இல்லை என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "மழை வரும் போல" என்றார். நான் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, "மழை வருமாம், அம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டு மீதியைச் சாப்பிட்டு முடித்தோம்.

நேற்று தம்பி போன் செய்து, தன்னோடு வந்து இருக்கும்படி அவரைக் கூப்பிட்டான். அவனுக்கு வாய் ஓயாத இரண்டு பிள்ளைகள்.

"போகலாம்னு பாக்குறேம்மா" என்றார் அப்பா. "இங்க சத்தமே இல்ல."

நான் இருக்கேனேப்பா என்று நாக்கு நுனிவரை வந்தது. பகல் முழுக்க நான் வீட்டில் இல்லாதவள். அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன்.

இன்று காலை பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, அம்மாவின் அறை வாசலில் போய் நின்றார். கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

"அவகிட்ட சொல்லிட்டுப் போகணும்."

"சொல்லுங்கப்பா."

"நான் சொன்னா அவளுக்கு எட்டாது. நீ சொல்லு."

கட்டிலைப் பார்த்தேன். "அம்மா, அப்பா தம்பி வீட்டுக்குப் போறாராம். அங்கேயே இருக்கப் போறாராம்." வெறும் அறையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அப்பா காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டிராத கேள்வி.

'போக வேண்டாங்கிறா' என்றால் போதும், பெட்டியைப் பிரித்துவிடுவார். சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது உள்ளே ஓர் இருமலாவது கேட்கும். அவர் பேச்சை அவளுக்கு மாற்றிச் சொல்லியே பழகியவளுக்கு, அவள் பேச்சை அவருக்கு மாற்றிச் சொல்வது என்ன பெரிய காரியம்? ஆனால் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் குரலிலேயே கேட்டது.

"போறதுன்னா போங்க, வாசல்ல நின்னு உயிரை எடுக்காதீங்க, மாத்திரை டப்பாவை எடுத்துக்கிட்டீங்களாங்கிறா."

அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். முகம் சிரிப்பதுபோல் கோணியது.

"எடுத்துக்கிட்டேன்னு சொல்லு."

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வெளியே தம்பியின் கார் ஹாரன் கேட்டது. அப்பா நகரவில்லை. நான் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.