பிள்ளை நடக்கும் வரை

ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலில் ஊர்ப் பெரியவர் சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், விரித்த பாயில், துணி வியாபாரி கலந்தர் மரைக்காயர். கோட்டைக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் குப்பத்துக்கு அவர்தான் கதி. எதிரே, கையோடு கொண்டுவந்த முக்காலியில், ஒல்லாந்தர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி மாசிலாமணி. வலைக்குவியலின் மேல் பவுனம்மாள். அவள் மகள் ராஜாத்திக்கு மட்டும் யாரும் இடம் காட்டவில்லை. கோட்டைத் துரைசானியின் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வெயிலில் நின்றாள். வழக்கே அவளைப் பற்றியதுதான்.

மீன் படாத வருஷத்தில் பவுனம்மாள் அவளைக் கோட்டைக்கு அனுப்பினாள். பேச்சு ஒன்றே ஒன்று: துரைசானியின் பிள்ளை நடக்கும் வரை ராஜாத்தி தொட்டில் ஆட்டுவாள், பிறகு வீடு திரும்புவாள். இப்போது துரைசானி கடலுக்கு அப்பால் இருக்கும் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறாள். ராஜாத்தியும் கூட வர வேண்டுமாம். அப்படிக் கப்பலேறிய குப்பத்துப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

மாசிலாமணி குரலை உயர்த்தாமலே வாதாடினார். பேச்சை யாரும் மீறவில்லை. பிள்ளை இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். நடக்க விட்டால்தானே என்றாள் பவுனம்மாள். பிள்ளையின் கால் தரையில் படக் கூடாது என்று துரைசானியின் உத்தரவே இருந்தது. குப்பத்துப் பெண் குப்பத்துக்குச் சொந்தம் என்றார் சுப்பராயலு. பெற்றவளுக்குத்தான் சொந்தம் என்றாள் பவுனம்மாள். வலையில் விழுந்த கொடுவா மீனைப் பங்கு போடுவதுபோல ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

ராஜாத்தி காத்திருந்து பார்த்தாள். துரைசானி மதியம் உறங்கும்போதெல்லாம் கோட்டைக் கிடங்கின் கல்தரையில் பிள்ளைக்கு அவள் நடை பழக்கியிருந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சட்டென்று அவனை மணலில் இறக்கிவிட்டாள். மணல் கல்தரை இல்லையே. கால் புதைந்தது, பிள்ளை பொத்தென்று உட்கார்ந்து ஒரு பிடி மணலை வாயில் போட்டுக்கொண்டான்.

"இதான் நடையா? கப்பல்ல பழகிக்கட்டும்," என்றார் மாசிலாமணி.

ராஜாத்தி அவன் வாயைத் துடைத்து, ஏரித் தண்ணீர் வடிந்து இறுகிக் கிடந்த ஈர மணலுக்குத் தூக்கிப் போனாள். அங்கே கால் புதையாது. ஒரு நண்டு ஓடியது. பிள்ளை அவள் விரலை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி அதன் பின்னால் கிளம்பினான். நண்டு திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினான். துபாஷி முக்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"இன்னா துபாஷி, நீந்துறான்னு எழுதலாமா?" என்று கேட்டார் சுப்பராயலு.

மரைக்காயர் தாளை எடுத்தார். எழுதினால் கோட்டை கேட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சாட்சி அவர்களுடைய துபாஷியே என்றால் தட்டிக்கழிப்பது சிரமம் என்றார். இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினார்.

"நீ இன்னாம்மா சொல்றே?"

அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. நண்டைத் தொலைத்துவிட்டு அவள் பாவாடையைப் பிடித்து நின்ற பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் போமாட்டேன், மரைக்காரே. எனக்குப் பதிலா வேற பொண்ணையும் புடிக்கக் கூடாது. ஆள் வேணும்னா பெரிய பொம்பளைங்களைக் கேக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு இஷ்டமில்லேன்னா வேணாம்னு வாய்விட்டுச் சொல்லுவாங்க. அதையும் எழுதுங்க."

அதெல்லாம் கடிதத்தில் எதற்கு என்றார் மாசிலாமணி. மரைக்காயர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்லத் துபாஷிக்கும் நாக்கு வரவில்லை, கையெழுத்துப் போட்டார். பதில் வரும் வரை பெண் குப்பத்தைவிட்டு நகராது என்று சுப்பராயலு சொல்லிவிட்டார்.

அரக்கு உருகியது, மரைக்காயரின் மோதிரம் அதில் அழுந்தியது. கடிதம் துபாஷியின் மடியிலும் பிள்ளை அவர் இடுப்பிலும் ஏறிக்கொள்ள, பிள்ளை முதல் வேலையாக அவருடைய தலைப்பாகையை அவிழ்க்கத் தொடங்கினான். ராஜாத்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவர்கள் கோட்டைக்குத் திரும்பும் தோணியைத் தானே தள்ளிவிட்டாள்.