மூவாயிரத்து நூறு பேர்

மீட்டர்காரர் தன் வேலையில் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய், தண்ணீர் மீட்டரின் மேல் படிந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து, குனிந்து பார்த்து, எழுந்து, சந்தேகம் வந்து இன்னொரு தடவை குனிந்து பார்த்து எழுதுகிற மனிதர். அவருடைய இடுப்பு வலி அப்படிச் சம்பாதித்ததுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, இசை விழா முடிந்த மறுநாள், அதே கை கூசாமல் ஒரு பச்சைப் பொய்யை எழுதும். அன்றைக்கு மட்டும் இடுப்பு வலிக்காது.

விஷயம் இதுதான். ஊரில் பிறந்து, வெளியே போய்ப் பெரிய ஆளான ஒருவர், சாவதற்கு முன் ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்திவிட்டுப் போனார். நகரத்திலிருக்கும் அந்த அறக்கட்டளை வருடா வருடம் மூன்று நாளைக்கு நல்ல நல்ல கலைஞர்களை ஊருக்கு அனுப்பி வைக்கும். ஊர் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: ஹாலைப் பெருக்குவது, நாற்காலி போடுவது, வந்து உட்காருவது. முதல் இரண்டையும் ஊர் குறைவில்லாமல் செய்தது.

முதல் வருடம் வந்தவர்கள் எழுபத்தொரு பேர். விழாக் குழுவின் செயலாளர் என்ற முறையில் மீட்டர்காரர் அறிக்கையில் எழுபத்தொன்று என்றே எழுதினார். குழுத் தலைவரான பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மீட்டர், ஊர் மானத்தை வாங்கறீங்க? எழுபத்தொண்ணா? என் கிளினிக்குக்கே ஒரு வாரத்துல அதை விட அதிகம் வராங்க."

"வந்தது அவ்வளவுதாங்க டாக்டர். மூணு தடவை எண்ணினேன்."

"உங்களை யாரு எண்ணச் சொன்னா? இருநூறுன்னு போடுங்க. பார்க்க லட்சணமா இருக்கும்."

இருநூறு போட்டார். அடுத்த வருடமும் இருநூறே போட்டால் வளர்ச்சி இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று டாக்டர் விசனப்பட்டதால், முந்நூறு போட்டார். ஒரு தடவை ஏறிய எண் அப்புறம் இறங்கவே இல்லை. மீட்டரும் முன்னால்தானே ஓடுகிறது, எந்த மீட்டர் பின்னால் ஓடியது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். பதினெட்டாவது வருடம் அது மூவாயிரத்து நூறில் வந்து நின்றது. கடைசி நூறு அவருடைய சொந்தக் கைவரிசை. வெறும் மூவாயிரம் என்று எழுதினால் பொய் மாதிரித் தெரியும் என்று நினைத்தார். ஹாலில் இருந்தது இருநூற்றைம்பது நாற்காலி. அந்த வருடம் அதில் உட்கார்ந்தவர்கள் அறுபத்திரண்டு பேர்.

வந்த கலைஞர்கள் நகரத்தில் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். தன் கச்சேரிக்கு அறுபது பேர்தான் வந்தார்கள் என்று எந்தக் கலைஞர் தானாகப் போய்ச் சொல்லுவார்?

இத்தனைக்கும் மீட்டர்காரர் இசை என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற ரகம். முதல் கால் மணி நேரம் ரசிப்பது போலத் தலையை ஆட்டுவார். அப்புறம் தலை தானாகவே ஆடும். ஒரு வருடம் அவர் விட்ட குறட்டையில் புல்லாங்குழல்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அந்தத் திடீர் அமைதியில் விழித்துக்கொண்ட செயலாளர், கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்து மேடையேறி நன்றியுரையே ஆற்றிவிட்டார்.

பின்னே எதற்கு அவருக்கு இந்தப் பதவி? மனைவிக்காக. வீட்டின் முன்னறையில் அவளுக்குத் தையல் கடை. ஜிப் மாற்றுவது, பேன்ட்டின் உயரத்தைக் குறைப்பது, சதை போட்டவர்களுக்குச் சத்தமில்லாமல் இடுப்பைப் பிரித்துவிடுவது. காலை எட்டு மணிக்கு மிஷினை மிதிக்க ஆரம்பிக்கிற கால், ராத்திரி தூக்கத்திலும் கட்டில் சட்டத்தை மிதித்துக்கொண்டிருக்கும். விழா நடக்கிற மூன்று நாள் மட்டும் கடைக்கு விடுமுறை. செயலாளருக்கு ஒதுக்கிய இரண்டு நாற்காலிகளில் ஒன்றில், இரண்டாவது வரிசையில், மடியில் கையை வைத்துக்கொண்டு அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தை மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளில் அவர் பார்த்ததில்லை. தூக்கம் வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். சொன்னதில்லை. சொல்லத் தெரியாததால் செயலாளராக இருந்தார்.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை தண்ணீர் அலுவலக முகவரிக்கு அறக்கட்டளையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

'தங்கள் ஊரின் இசை ஆர்வத்துக்குத் தலை வணங்குகிறோம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. 'இருநூற்றைம்பது பேர் அமரும் அரங்கில் மூவாயிரத்து நூறு பேர் கூடுவது அவர்களின் உயிருக்கே ஆபத்து என்று எங்கள் பாதுகாப்புக் குழு கருதுகிறது. எனவே வரும் ஆண்டு முதல் விழா நகரத்தின் பெரிய அரங்குக்கு மாற்றப்படுகிறது. இது தொடர்பாக எங்கள் அதிகாரி தங்களை நேரில் சந்திப்பார்.'

மீட்டர்காரர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினார். அங்கே நாற்காலியில் பஸ் கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் ஒரு கையில் குறடும் மறு கையில் கடிதமுமாக நின்று படித்து முடித்தார்.

"ஐயோ, நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோமே" என்றார் டாக்டர்.

"உண்மையைச் சொல்லிடலாங்க டாக்டர். அறுபத்திரண்டு பேர்தான் வந்தாங்கன்னு."

"மெதுவாப் பேசுங்க, ஆள் இருக்கு."

"அவர் வாய் முழுக்கப் பஞ்சுதானே இருக்கு."

"காதுல இல்லையே!"

காதில் இல்லைதான். ஆனால் கண்டக்டருக்குத் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்கிற அருமையான காது. மரத்துப்போன வாயோடு அவர் வண்டியேறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும், "நம்ம விழாவை நகரத்துக்காரன் தூக்கிட்டுப் போறான்" என்று குழறிக் குழறிச் சொன்னார். குழறியதால் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் கொதித்தது. விழா எந்த மாதம் நடக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் விழா இல்லாமல் எப்படி வாழ்வது என்று கேட்டார்கள்.

டாக்டருக்குக் கண் பளிச்சிட்டது. "ஞாயித்துக்கிழமை காலைல ஹால்ல கண்டனக் கூட்டம் போடுவோம். அந்த அதிகாரியையும் வரச் சொல்லிடுவோம். நேர்ல பார்க்கட்டும்."

மீட்டர்காரர் உடனே சம்மதித்தார். அவருக்கு ஊரைப் பற்றித் தெரியும். கூட்டம் என்று போட்டால் அறுபது பேர் வருவார்கள், மழைத் தூறல் விழுந்தால் நாற்பது. அதிகாரி காலி நாற்காலிகளைக் கண்ணால் பார்ப்பார். அந்த இடத்தில், டாக்டர் தடுப்பதற்குள், உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டியது. அவமானம்தான். வேலைக்குக்கூட ஆபத்து வரலாம். எண்ணை மாற்றி எழுதுகிறவனை எந்தத் தண்ணீர் அலுவலகம் வைத்துக்கொள்ளும்? போனால் போகட்டும். அவளுக்கு அந்த மூன்று நாள் திரும்பக் கிடைத்தால் போதும்.

மனைவியிடம் கடிதத்தைக் காட்டவில்லை. விழாவை மாற்றப் பார்க்கிறார்கள், தடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"தடுத்துடுவீங்களா?"

"தடுத்துடறேன்."

"ஏன் மாத்தறாங்களாம்?"

"பெரிய இடத்து விஷயம். நமக்கு என்ன தெரியுது?"

ஞாயிற்றுக்கிழமை வானம் வெறிச்சென்று இருந்தது. ஊர் அவரைக் கழுத்தறுத்தது. ஒன்பது மணிக்கே ஹால் நிரம்பிவிட்டது. ஹால் எங்கே இருக்கிறது என்று வழி கேட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒரு நூறு பேர் இருப்பார்கள். ஜன்னல் திட்டுகளில் ஏறி உட்கார்ந்தார்கள், மேடைப் படிகளில் நெருக்கியடித்தார்கள், வெளியே சாலையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது வரிசையில் அவர் மனைவியின் நாற்காலியில் யாரோ ஒருவர் குழந்தையும் பையுமாக உட்கார்ந்துவிட்டதால், அவள் சுவரோரம் நின்றாள். மீட்டர்காரர் பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தார். எண்ணூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

அதிகாரியால் வாசல் வழியாக நுழைய முடியவில்லை. அலுவலகக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்த அந்தப் பெண்ணை, பாத்திரங்கள் வைக்கிற பின்னறை வழியாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தலை கலைந்து, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும் முகத்தில் அவ்வளவு திருப்தி.

"எங்க பாதுகாப்புக் குழு சொன்னது எவ்வளவு சரின்னு இப்பதான் சார் தெரியுது" என்றார் மீட்டர்காரரிடம்.

இனி பூசி மெழுக நேரமில்லை. அவர் மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. அம்மா, நீங்களும் கேளுங்க. மூவாயிரத்து நூறு பேர்னு எழுதினது பொய். எழுதினது நான்தான். போன வருஷம் விழாவுக்கு வந்தது அறுபத்திரண்டு பேர். இந்த ஹால் தாராளமாப் போதும். முக்கால்வாசி காலியாத்தான் கிடக்கும். தயவுபண்ணி விழாவை இங்கேயே விட்டுடுங்க."

ஹால் அடுத்த விநாடி பொங்கியது.

"நாங்க வரலைன்னு சொல்றியா?" என்று ஜன்னல் திட்டிலிருந்து ஒரு குரல்.

"ஊரையே கேவலப்படுத்தறாரே!" என்று வாசலிலிருந்து இன்னொன்று.

கண்டக்டர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "பதினெட்டு வருஷத்துல நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்ல!"

"போன வருஷம் என்ன வாசிச்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார் மீட்டர்காரர்.

கண்டக்டர் ஒரு கணம்தான் யோசித்தார். "மனசை உருக்கற மாதிரி வாசிச்சாங்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடையில் பின்வரிசையில் இருந்த டாக்டரும் தட்டினார்.

அதிகாரி மீட்டர்காரரின் தோளில் கை வைத்தார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "ஊருக்காக உங்க பேரையே கெடுத்துக்கறீங்களே சார். உங்களை மாதிரி ஒரு செயலாளரை நான் பார்த்ததே இல்லை." பிறகு கோப்பைத் திறந்து, கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, 'நேரில் கண்டது, சுமார் மூவாயிரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான், விழா போய்விட்டது. பொய் சொன்னபோது நம்பியவர்கள், உண்மை சொன்னபோதும் அந்தப் பொய்யைத்தான் நம்பினார்கள். கூட்டம் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மீட்டர்காரர் இரண்டடி பின்னாலேயே போனார். முன்னறையில் அவள் துணிக் குவியலை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கதவருகே நின்றார்.

"திட்டணும்னா திட்டிடு" என்றார்.

அவள் குவியலிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து உதறினாள்.

"அடுத்த வருஷம் நகரத்துக்கே போயிடலாம். பஸ்ல ஆறு மணி நேரம்தானே? ரெண்டு டிக்கெட் எடுத்துடறேன்" என்றார்.

"ரெண்டு எதுக்கு? உங்க கணக்குப்படி நான் ஒருத்தியே அம்பது பேர்."

அவர் மூவாயிரத்து நூறை அறுபத்திரண்டால் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். சரியாக ஐம்பதுதான் வந்தது. சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் சிரிக்கவில்லை.

"மூணு நாள் கச்சேரி, போக வர ரெண்டு நாள். அஞ்சு நாள் கடையை மூடிட்டு எந்த ஊருக்குங்க நான் போறது?" என்றாள். "நடந்து போற தூரத்துல இருந்துச்சு. அதனாலதானே போனேன்."

"உனக்காகத்தான் எழுதினேன்" என்றார். "அறுபது எழுபதுன்னு எழுதினா நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். உனக்கு அந்த மூணு நாளும் போயிடுமேன்னுதான்..."

"அறுபத்திரண்டு பேர் போதாதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"வாசிக்க வந்தவங்க யாராவது முகம் சுளிச்சாங்களா? அந்தப் புல்லாங்குழல்காரர்கூட, நீங்க இறங்கினதுக்கு அப்புறம் திரும்ப உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிச்சாரு. நாங்க அறுபது பேரும் கேட்டோம். உங்களுக்கும் டாக்டருக்கும்தான் அது போதலை." அவள் ஒருதரம் மூச்சை இழுத்து விட்டாள். "அந்த அறுபத்திரண்டுல நான் ஒருத்திங்க. பதினெட்டு வருஷமா என்னை வெளியில சொல்ல வெட்கப்பட்டிருக்கீங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல மீட்டர்காரர் வாயைத் திறந்தார். இன்னொரு பொய் சொல்ல அன்றைக்கு அவருக்குத் தெம்பு இல்லை. அப்படியே மூடிக்கொண்டார்.