பத்தாவது இடத்தில் ஓடைக்கரை

பத்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் கிடந்து, 1986-ல் எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்து வந்தது. இலஞ்சிக்குக் கிழக்கே சின்ன ஊர். நான் மேலத்தெரு உறுப்பினர். ஆனி மாதம் தென்காசி யூனியன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளத் தடுப்பு வேலைகளை அவசர வரிசைப்படி எழுதி ஆடி முடிவதற்குள் அனுப்ப வேண்டும். இந்த வருஷம் முதல் இரண்டு வேலைகளுக்குத்தான் நிதி.

தலைவர் வீரபாகு, தெருவுக்கு ஒரு வேலையாகத் தயாராக வைத்திருந்த பட்டியலை வாசித்தார். முதலாவது, மேலத்தெருப் பாலம். பத்தாவது, கடைசி, கீழத்தெரு ஓடைக்கரை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலத்தெரு மேட்டில் இருக்கிறது. குற்றாலமலையில் எவ்வளவு கொட்டினாலும் எங்கள் வாசற்படி மூழ்கியதில்லை. போன ஐப்பசியில் ஓடைக்கரை உடைந்து கீழத்தெருவில் பதினெட்டு வீட்டுச் சுவர்கள் விழுந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தத் தெருவில் சுவர் விழுந்த வீட்டுக்கார முப்பிடாதியம்மாளிடம், "அடுத்த மழைக்குள்ள கரையைக் கட்டித் தாறேன்" என்று சொன்னவன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

"இது எந்த ஊரு வரிசைவே?" என்று கேட்டேன்.

"கோயில் வரிசை அண்ணாச்சி," என்றார் வீரபாகு. "அம்மன் கொடையில எந்தத் தெருவுக்கு முதல் திருநீறோ, அந்தத் தெரு வேலை முதல்ல. வேற எப்படிப் போட்டாலும் சண்டைதான். இதை ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாதுல்லா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கீழத்தெரு உறுப்பினர் சங்கரபாண்டியும் ஆட்டினார்.

"தண்ணி திருநீறு வரிசை பாத்தாவே வருது? கரையில கை நுழையுத வெடிப்பு இருக்குன்னு ஓவர்சியரே எழுதியிருக்காரு."

"அப்பம் நீங்க விட்டுக்குடுங்க. ஆனா பட்டியல்ல மட்டும் விட்டா வடக்குத்தெருக்காரன் அடுத்தது நான்தாம்பான். கோயில்லயும் முதல் திருநீற விடணும். முடியுமா?"

யாரோ சிரித்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நான்கு தலைமுறையாக அந்த முதல் திருநீறு எங்கள் வீட்டுக்கு.

மூன்று தடவை தென்காசிக்கு நடந்தேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "உங்க பஞ்சாயத்துத் தீர்மானம் மாறினா நாங்களும் மாத்துவோம்." கரை வெடித்திருப்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

கடைசித் தடவை திரும்பும்போது முப்பிடாதியம்மாள் வெடிப்பில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நாங்க பத்தாவதாம்லா? மழைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்க. ஒம்பது வேலை முடியுத வரைக்கும் மலையிலயே நிக்கட்டும்."

எங்கள் வீட்டு ஆளிடம் இப்படிப் பேச இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஆனாலும் அடுத்த மூட்டையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன்.

ஆடிக் கொடைத் திருவிழாவன்று பூசாரி தட்டோடு வந்து, "மேலத்தெரு நாறும்பூநாத பிள்ளை!" என்று கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"கீழத்தெருவுக்கு முதல்ல குடும்."

கொட்டு நின்றுவிட்டது. என் தம்பி கணபதிசுப்பிரமணியன் தோள்துண்டைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, அப்பா நின்ன இடம் இது."

"அப்பா வாக்குத் தப்பி நின்னதில்லலே."

சங்கரபாண்டி முன்னால் வந்தார். குனிந்து இரண்டு கையாலும் திருநீற்றை வாங்கிக்கொண்டார். எனக்குப் பத்தாவதாகக் கிடைத்தது. நெஞ்சு எரியவில்லை என்று சொன்னால் பொய். தம்பி அதுவரை நிற்கவில்லை. பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

நான் நேரே பந்தலுக்குப் போய் வீரபாகு முன்னால் காகிதத்தை வைத்தேன்.

"எழுதும். ஒண்ணு, கீழத்தெரு ஓடைக்கரை."

"கொடை முடியட்டுமே அண்ணாச்சி."

"இப்பமே எழுதும்."

எழுதினார். "அப்பம் மேலத்தெருப் பாலம்?"

"பத்து."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"வருத்தம் என்னோட இருக்கட்டும். நீரு பேனாவை நிறுத்தாதியும்."